நாக்கில்லாத கட்டை

ஓகன் மூச்சுவிடத் தொடங்கியது என் புருஷன் கப்பலேறிப் போன பிறகுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்துக் கதை சொல்லும் பொறுமை எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. வைக்கோலுக்குள் பழுக்க வைத்த மாங்காயை அடிக்கடி எடுத்து அமத்திப் பார்த்தே பழுதாக்குகிற ஆள் நான்.

ஊர்காவற்றுறையில் எங்கள் கோயிலின் மேல்தட்டில் நின்ற ஓகன் குழாய்கள் வைத்த பெரிய சாமான் அல்ல. நாடகக்காரரின் ஆர்மோனியத்தை ஓர் அலுமாரி அளவுக்கு வளர்த்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. முன்பக்கம் கட்டைகள். பின்பக்கம் ஒரு துருத்தி, அதை ஏற்றி இறக்க நீளமான ஒரு மரப்பிடி. முன்னால் ஒருவர் வாசிக்க, பின்னால் ஒருவர் காற்றடிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஒரு பித்தளை நாக்கு இருக்கும். கட்டையை அமத்தினால் காற்று அந்த நாக்கை அதிரவைத்துச் சத்தமாக வெளியே வரும். நாக்கு இல்லாவிட்டால் வெறும் காற்றுத்தான் வரும்.

அப்படி ஒரு கட்டை எங்கள் ஓகனில் இருந்தது. நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக. பூசை நேரத்தில், பாட்டுக்கு உள்ளேயே, யாரோ நித்திரையில் புரண்டு பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் மேலிருந்து இறங்கி வரும். மடியில் கிடக்கும் குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டு மேலே பார்க்கும். பெரியவர்கள் மேலே பார்ப்பதில்லை. அது யாருடைய மூச்சு என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

சொன்னவர் என் மச்சாள், என் புருஷனின் தமக்கை. அவர்தான் கோயிலின் ஓகன்காரி. யாழ்ப்பாணத்தில் கன்னியரிடம் தங்கிப் படித்தபோது பழகிக்கொண்ட வித்தை. கலியாணம் செய்யவில்லை. தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்தவரும் அவர்தான். அக்கா வாசிக்கத் தம்பி காற்றடிக்க, அந்த இரண்டு பேருக்கும் அப்படியே பழகிப்போயிருந்தது. பிறகு தம்பி பாய்க்கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். கரையில் நிற்கும் நாட்களில் மட்டும் துருத்திக்கு வருவார். என்னைக் கலியாணம் செய்தபோதும் முதல் ஞாயிறு என்னைப் பக்கத்தில் இருத்திப் பூசை காணவில்லை, மேலே போய்விட்டார். நான் கீழே தனியாக இருந்து பல்லைக் கடித்தேன்.

அவர் ரங்கூனுக்குப் புறப்பட்ட காலையில் நடந்ததாக மச்சாள் சொன்னது இது. பூசை முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு, அவர் ஓகனின் மேல்மூடியைத் திறந்து, அந்த ஒரு கட்டையின் நாக்கைக் கழற்றி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாராம். "நான் வந்து திரும்பப் பூட்டுமட்டும் இது பாடக்கூடாது அக்கா" என்று சொன்னாராம். விளையாட்டுப் பிள்ளை, செய்யக்கூடியவர்தான். ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை. அந்த நேரம் நான் வீட்டில், அவருடைய பயணத்துக்குப் பொரிவிளாங்காய் பிடித்து டின்னில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கப்பல் ரங்கூனுக்குப் போய்ச் சேர்ந்தது. அரிசி ஏற்றிக்கொண்டு அங்கிருந்து வெளிக்கிட்டது. அதற்குப் பிறகு அதைக் கண்டவர் இல்லை.

அந்தக் கப்பலில் போன மற்றவர்களின் வீடுகளில் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக மரித்தோர் பூசை சொன்னார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து ஊர் கேட்க அழுதார்கள். பிறகு அடுப்பு மூட்டினார்கள். எங்கள் வீட்டில் மட்டும் பூசை இல்லை. அழுகையும் இல்லை. நான் ஒருநாள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு, அந்தச் சாட்டில் கொஞ்சம் கண்ணைக் கசக்கியதை மச்சாள் கண்டுவிட்டார்.

"அழக்கூடாது," என்றார். "நாங்கள் அழுதால் அவனை நாங்களே தண்ணிக்குள்ளை தள்ளிவிடுற மாதிரி. நாக்கு அவனட்டைக் கிடக்கு. அவன் வருவான்."

எனக்கு அப்போது வேண்டியிருந்தது உலகத்திலேயே ஒன்றுதான்: அழவேண்டும். சாட்டியிலிருந்து என்னைப் பெற்ற ஐயா மாட்டு வண்டிலில் வந்து, "ஒரு பூசையைச் சொல்லிப்போட்டு, ஆறுதலா அழுதுபோட்டு எங்கடை வீட்டை வா பிள்ளை" என்று கெஞ்சிப் பார்த்தார். பங்குச் சுவாமியிடமும் போனார். சுவாமி பிரஞ்சு தேசத்துக் கிழவர், நல்ல மனம். "அந்த வீட்டார் கேட்கட்டும், சொல்லுகிறேன். தம்பி உயிரோடிருக்கிறான் என்று தமக்கை நிற்கும்போது நான் எப்படி?" என்று கையை விரித்துவிட்டார். என்னைக் கேட்டால், நானும் துணிந்து சொல்லமாட்டேன். செத்தார் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? உயிரோடு இருக்கிறார் என்று நம்பவும் முடியவில்லை. விழுங்கவும் ஏலாமல் துப்பவும் ஏலாமல் தொண்டையில் நின்றது எனக்கு.

அவருக்குப் பதிலாகத் துருத்திக்கு வந்த ஆள் சில ஞாயிறுகளிலேயே நின்றுவிட்டான். மூச்சுவிடுகிற சாமானுக்குத் தான் காற்றடிக்கமாட்டேன் என்று சந்தையில் சொல்லித் திரிந்தான். அன்று மச்சாள் சோறு போட்டுக்கொண்டே, "நீர் வாரும்" என்றார்.

"காத்தடிக்க மட்டும் வரமாட்டன். வாசிக்கவும் பழக்கவேணும்," என்றேன். இப்படி வாயை விட்டுத்தான் நான் எல்லாவற்றிலும் மாட்டிக்கொள்வது.

மச்சாள் மறுக்கவில்லை. ஆனால் கட்டைக்கு அருகிலும் விடவில்லை. காற்றடி, காற்றடி, அவ்வளவுதான். நான் சுவாமியிடம் முறையிட்டேன். சுவாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கள் பக்கத்து நாடுகளில் பல நூறு வருடங்களுக்கு முன்பு ஓகன் பழகப் போகிறவர்களின் பாடு இதுதான் என்றார். அதில் ஒருவர் பின்னாளில் பெரிய பேரெடுத்து, கட்டைகளுக்கென்றே பாட்டெழுதியவராம். பேரைச் சொன்னார், என் வாய்க்குள் அது அடங்கவில்லை. பெரிய கோயிலொன்றில் வருடக்கணக்காகக் குருவுக்குத் துருத்தி மிதித்தாராம். கட்டையைத் தொடவிடவே இல்லையாம். ஒருநாள் குருவுக்குக் காய்ச்சல் என்று இவரைப் பிடித்து இருத்தினால், அப்படியே குரு வாசிப்பது போல வாசித்தாராம், குரு விடுகிற பிழைகளையும் சேர்த்து.

"மச்சாளிடம் இருக்கிற பாட்டு அவர் எழுதியதுதான்," என்றார் சுவாமி.

அந்த ஒரு பாட்டைத்தான் மச்சாள் பூசையில் சனத்துக்கு நன்மை அப்பம் கொடுக்கும் நேரத்தில் வாசிப்பார். வார்த்தை இல்லாத பாட்டு. நாலு குரல்கள். ஒன்று முதலில் புறப்படும், அது சொன்னதையே இரண்டாவது கொஞ்சம் பிந்திச் சொல்லும், பிறகு மூன்றாவது, நாலாவது. நாலும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு ஒரே வீட்டுக்குள் நடமாடுவது போல இருக்கும். மூன்றாவது குரலின் வழியில் அந்த வெறுங்கட்டை கிடந்தது. குரல் நடந்து வரும், அந்த இடத்தில் ஆளில்லாமல் போகும், மூச்சு மட்டும் கேட்கும், பிறகு அடுத்த கட்டையில் திரும்ப ஆளாகி நடக்கும்.

துருத்திக்குப் பின்னால் நின்றால் வாசிப்பவரின் கை தெரியாது. ஓகனின் முதுகுப் பலகைதான் தெரியும். ஆனால் பிடியில் எல்லாம் தெரிந்தது. ஒற்றைக் குரலுக்குப் பிடி மெத்தென்று இறங்கும். நாலும் சேர்ந்தால் இழுத்துக் குடிக்கும். வெறுங்கட்டையை அமத்தினால் கையின் கீழ் கனமே இல்லாமல் போகும், படி இருக்கிறது என்று நினைத்து இல்லாத இடத்தில் கால் வைத்தது மாதிரி. அந்தப் பாட்டை நான் காதால் பழகியதைவிடத் தோளால் பழகினேன் என்றுதான் சொல்லவேண்டும். பழகப் பழக ஒன்று விளங்கியது. மச்சாள் அந்தக் கட்டையைப் பாட்டுக்குத் தேவையான இடத்தில் மட்டும் அமத்தவில்லை. தேவையில்லாத இடங்களிலும் அமத்தினார். மாதா பாட்டிலும் அமத்தினார். ஞானஸ்நானத்துக்கு வாசிக்கும்போதும் ஒரு விரலை அதில் வைத்திருந்தார்.

"ஏன் மச்சாள் உந்தக் கட்டையை வேணுமெண்டே அமத்துறீங்கள்?" என்று கேட்டேன்.

"அவன் மூச்சு விடுறானோ எண்டு பாக்கிறன்," என்றார். காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன் என்பது போல, அத்தனை சாதாரணமாக.

 காற்றை அடித்தது யார்? நான் அல்லவா? என் கையால் அடித்த காற்றை அவர் தன் தம்பியின் மூச்சென்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் பிடியை விட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பு அன்றைக்கு வந்தது, பிறகு போகவேயில்லை. தோள் நொந்தாலும் நடுப்பாட்டில் ஓய்வெடுக்கப் பயந்தேன்.

வீட்டிலும் அப்படித்தான். என்னவரின் சட்டைகளை மச்சாள் கிழமை தவறாமல் தோய்த்து முற்றத்துக் கொடியில் போடுவார். கடற்காற்று அதற்குள் புகுந்து நெஞ்சை நிமிர்த்தும், கையை நீட்டும். பட்டப்பகலில், கோழிகள் மேய்ந்துகொண்டிருக்கிற முற்றத்தில், தலை மட்டும் இல்லாமல் ஒரு ஆள் எனக்குக் கை காட்டிக்கொண்டிருப்பார். காய்ந்ததும் நான்தான் மடிக்கவேண்டும்.

குசினி மேசையில் கரியால் கட்டைகள் கீறி, அதில் விரல் பழகினேன். சத்தமில்லாத வாசிப்பு. மச்சாள் அடுத்த அறையில் தைத்துக்கொண்டிருப்பார். மரத்தில் என் விரல் படுகிற தட்டலைக் கேட்டே "பிழை" என்பார். சில வேளை நான் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கும்போதும் "இப்ப சரி" என்பார். நான் எழுந்து குசினியைச் சுற்றிப் பார்ப்பேன். அடுப்பில் உலை கொதிக்கும், வேறு ஒன்றும் இராது.

மாரி தொடங்கியது. ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. ஊர் முழுக்கச் சேமக்காலையில் கல்லறைகளுக்கு மெழுகுதிரி ஏற்றி, மழைக்குக் குடையை அவரவருக்கு அல்ல, திரிக்குப் பிடித்துக்கொண்டு நின்றது. எங்களுக்குப் போய் நிற்க ஒரு குழி இல்லை. மச்சாள் அதிகாலையிலேயே மேல்தட்டுக்கு ஏறிவிட்டார், பிறகு நானும் போனேன். அன்றைய பூசை முழுவதும் செத்தவர்களுக்கான பாட்டுகள். அந்தப் பூசையில் மச்சாள் வெறுங்கட்டையைத் தொடவேயில்லை. அது வருகிற இடங்களில் சுற்றிப் போனார். செத்தவர்களின் பாட்டுக்குள் தம்பியின் மூச்சைக் கலக்க அவருக்கு மனமில்லை என்று எனக்கு விளங்கியது. நான் காற்றடிக்கத் தொடங்கிய பிறகு மூச்சே இல்லாமல் போன முதல் பூசை அது.

அந்தப் பூசையில்தான் சத்தம் தொடங்கியது. பிடியை ஏற்றும்போது, துருத்தியின் வயிற்றுக்குள், டிங் என்று ஒன்று. இறக்கும்போது, சற்றுத் தள்ளி, இன்னொரு டிங். யாரோ உள்ளே இருந்துகொண்டு நகத்தால் தட்டுவது போல. நான் பிடியை நிறுத்தினால் அதுவும் நிற்கும். நான் தொடங்கினால் அதுவும் தொடங்கும்.

"உள்ளுக்கை ஏதோ கிடந்து உருளுது மச்சாள்," என்று இறங்கும்போது சொன்னேன்.

"துருத்தி பழசு," என்றார். "நீர் காத்தைப் பாரும்."

அன்றிலிருந்து அது நிற்கவில்லை. வாசிப்பவருக்கு அது கேட்காது, கீழே இருக்கிற சனத்துக்கும் கேட்காது. எனக்கு மட்டும். மூச்சு எல்லோருக்கும், தட்டல் எனக்கு என்று யாரோ பங்கு பிரித்துத் தந்தது போல் இருந்தது. அது என்னிடம் எதையோ கேட்கிறது என்று தோன்றும். கேட்கிறதென்றால் வாயைத் திறந்து கேட்கட்டுமே என்று எனக்குக் கோபமும் வரும்.

தை பிறந்த பிறகு, யாருமில்லாத பின்னேரங்களில், மச்சாள் என்னை முன்னால் இருத்தத் தொடங்கினார். அவர் பின்னால் போய்க் காற்றடிப்பார். என் கை அந்த நாலு குரல் பாட்டை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை.  பின்னால் நின்ற மச்சாள் என்னில் பிழை பிடிக்காமல் இருந்தது அதுதான் முதல்தரம். ஒரு கட்டளை மட்டும் போட்டிருந்தார்.

"அந்தக் கட்டையைத் தொடாதையும். அது உமக்கில்லை."

பெண்சாதி நான். மூச்சு மச்சாளுக்காம், எனக்கில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்தை விரலில் காட்டினேன். அந்த இடம் வரும்போதெல்லாம் கையைத் தூக்கி, ஒரு சின்ன இடைவெளி விட்டு, அடுத்ததற்குத் தாவினேன். மச்சாளுக்குத் தட்டல் கேட்கவில்லையா என்று ஒருநாள் கேட்டேன். காற்றடிக்கும்போது அவர் காதில் வேறொன்றும் விழுவதில்லை என்றார். என் வாசிப்பைத்தான் கேட்பாராம்.

தபசுகாலத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஐயா வந்து, உயிர்த்த ஞாயிறு கழிய வண்டிலோடு வருவேன், வராவிட்டால் இனிக் கூப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் நன்மைக்கு ஆயத்தமான பிள்ளைகள் ஓகனின் மூச்சுக்குப் பயந்து கோயிலுக்கு வரமாட்டோம் என்று அழுததால், சுவாமி எங்கிருந்தோ ஒரு புது நாக்கு எடுப்பித்தார். பெரிய வியாழக்கிழமைப் பூசையோடு மணியும் ஓகனும் அடங்கிவிடும். சனிக்கிழமை காலை உன்னதப் பாட்டு எழும்பும்வரை இரண்டையும் தொடக்கூடாது. மணிக்குப் பதிலாக மரச் சட்டத்தைத்தான் தட்டுவார்கள். ஓகனைத் திறந்து திருத்த வசதியான நாட்கள் அவைதான் என்று சுவாமி தீர்மானித்துவிட்டார். சுவாமி சொன்னால் சொன்னதுதான்.  வியாழக்கிழமை மச்சாள் ஓகனைப் பூட்டித் திறப்பைச் சுவாமியிடம் கொடுத்துவிட்டு, எனக்கு முன்னால் விறுவிறென்று வீட்டுக்கு நடந்தார். புது நாக்கைப் பூட்டிவிட்டால் தம்பியின் மூச்சு இல்லை. எனக்கு மச்சாளைப் பார்க்கவும் பயமாக இருந்தது, பார்க்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

திருத்த வந்தவர் யாழ்ப்பாணத்தில் நாடகக் கொட்டகைகளின் ஆர்மோனியங்களைப் பார்க்கிறவர். நெற்றி நிறையத் திருநீறு. பெரிய வெள்ளியில் கை வைத்து வேலை செய்ய எங்கள் ஆட்கள் துணியமாட்டார்கள், அவருக்கு அந்தத் தடை இல்லை. காரைநகரிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கியபோது மத்தியானம் கழிந்துவிட்டது. கீழே சுரூபங்களெல்லாம் ஊதாச் சீலையால் மூடிக் கிடந்தன. வியாகுலப் பிரசங்கம் முடிந்து, பெண்கள் தரையில் இருந்து ஒப்பாரி தொடங்கியிருந்தார்கள். வருடத்தில் அந்த ஒருநாள் ஊர் முழுக்க வாய்விட்டு அழலாம். ஆண்டவருக்கென்று தொடங்கி அவரவர் தங்கள் செத்த வீட்டை அழுவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒதுங்கி நானும் அழுதுவிடுவேனென்று மச்சாளுக்குத் தெரியும். அதனால்தான், "உள்ளுக்கை என்ன செய்யினம் எண்டு நாங்கள் பாக்கவேணும்" என்று என்னையும் மேலே இழுத்துக்கொண்டு வந்தார்.

அவர் கதிரையில் முதுகு காட்டி இருந்தார். நான் திருத்துகிறவருக்குத் திருகாணிகளை வாங்கி முந்தானையில் வைத்துக்கொண்டு நின்றேன். கீழிருந்து ஒப்பாரி அலையாக ஏறி வந்துகொண்டிருந்தது.

"அண்ணை, துருத்திக்குள்ளையும் ஏதோ சத்தம் போடுது," என்றேன்.

அவர் பிடியை ஒருதரம் ஏற்றி இறக்கினார். டிங். டிங். தலையாட்டினார். பின்பலகையைக் கழற்றி, முழங்கைவரை கையை உள்ளே விட்டு, கோழிக்கூட்டில் முட்டை தடவுவது போலத் தடவினார். கையை வெளியே எடுத்தபோது விரல்களுக்கிடையில் பாசி பிடித்தது போலப் பச்சையாக ஒரு சின்னத் தகடு.

"உங்கடை நாக்கு உள்ளுக்கைதானே கிடக்குது தங்கச்சி," என்றார். கொண்டுபோய் அந்த வெற்றிடத்தில் வைத்துப் பார்த்தார். துளைகள் அப்படியே பொருந்தின.

 அப்படியென்றால் அவர் கொண்டு போகவே இல்லை. பையிலும் போடவில்லை, கடலுக்கும் கொண்டு போகவில்லை. இத்தனை காலமும் நான் என்னத்தைப் பிடித்துக்கொண்டு அழாமல் இருந்தேன்? ஒரு பொய்யையா? யார் சொன்ன பொய்?

"அவர் கொண்டு போகேல்லை மச்சாள்!" என்றேன். கீழே ஒப்பாரி இல்லாவிட்டால் ஊருக்கே கேட்டிருக்கும்.

மச்சாள் திரும்பினார். முகத்தில் ஒன்றும் இல்லை. கையை நீட்டி அந்தத் தகட்டை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"உந்தச் சத்தம் எண்டைக்குத் துடங்கினது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்டபிறகுதான் எனக்கே உறைத்தது. முதல் நாளிலிருந்து கேட்டது என்று சொன்னால் கதை முடிந்தது: நாக்கு எப்போதும் உள்ளேதான் கிடந்தது, அவர் கொண்டு போனார் என்பது பொய். அப்படிச் சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் நான் பிடித்த பிடி, என் தோள். அந்தத் துருத்தியின் வயிற்றில் மாதக்கணக்காக ஒரு தூசிகூட ஆடியதில்லை என்று எனக்குத் தெரியும்.

"ஆத்துமாக்கள் திருநாளண்டு," என்றேன். "அதுக்கு முந்தி இல்லை."

திருத்துகிறவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆரோ கழட்டி உந்த ஓரத்திலை வைச்சிருப்பினம். மாரிக்கு மரம் ஊதினால் நழுவி விழும். நடக்கிறதுதான்," என்றார். நல்ல விளக்கம். இன்றைக்கும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் நித்திரை கொள்கிறேன். ஆத்துமாக்கள் திருநாளன்று அதிகாலையில் எனக்கு முன்னமே மேல்தட்டுக்கு ஏறிய மச்சாளே அதை உள்ளே போட்டிருப்பாரோ என்றும் பலதரம் யோசித்திருக்கிறேன். போட்டிருந்தால் எப்போது தொடங்கியது என்று கேட்கமாட்டார். அல்லது அப்படித்தான் கேட்பார்.

மச்சாள் அந்தத் தகட்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு," என்றார்.

என்னிடமும் நீட்டினார். நான் வாங்கவில்லை. ஊர்காவற்றுறையில் எதை நக்கினாலும் உப்புத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. மச்சாள் தகட்டை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். 

"சொன்ன மாதிரிக் கொண்டந்து தந்திட்டான்," என்றார். "அண்டைக்கே, ஆத்துமாக்களோடை வந்து தந்திட்டான். நான்தான் விளங்காமல் இருந்திட்டன்." பிறகு என் பக்கம் பார்த்து, மிகவும் மெல்ல, "இனி அழு பிள்ளை" என்றார்.

எத்தனை காலம் காத்திருந்த உத்தரவு அது. கீழே ஊரே அழுதுகொண்டிருந்தது. நான் நின்றேன், முந்தானையில் திருகாணிகளோடு. ஒரு சொட்டு வரவில்லை. கண் எரிந்தது, அவ்வளவுதான். அழுகை என்பது நினைத்த நேரம் திறக்கிற குழாய் இல்லையென்று அன்றைக்குத்தான் கண்டேன். மச்சாள் தானும் அழவில்லை. சுவாமி எடுப்பித்த புது நாக்கைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, பழையதையே துடைத்துப் பூட்டுவித்தார்.

சனிக்கிழமை காலை மேலே ஏறியதும் மச்சாள் ஓகனின் முன்னால் இருக்கவில்லை. நேரே பின்னால் போய்ப் பிடியைப் பிடித்தார்.

"நீர் வாசியும்," என்றார்.

"ஏலாது மச்சாள். இவ்வளவு சனத்துக்கு முன்னாலை..."

"எல்லாக் கட்டையும் இனி உமக்குத்தான்."

கீழே நெருப்பை மந்திரித்து, பெரிய திரியைக் கொண்டுவந்து, நீண்ட வாசகங்களெல்லாம் முடிந்தன. சுவாமியின் கிழட்டுக் குரல் உன்னதப் பாட்டின் முதல் வரியை எடுத்தது. அந்த நொடி மணிகளெல்லாம் ஒன்றாக அடிக்க, ஊதாச் சீலைகள் சரசரவென்று விழ, நான் அந்த நாலு குரல் பாட்டுக்கு இரண்டு கையையும் கட்டைகளில் வைத்தேன். காற்று வந்தது. பின்னால் தட்டல் இல்லை. ஆத்துமாக்கள் திருநாளிலிருந்து என் காதோடு குடியிருந்த அந்தச் சத்தம் இல்லாத துருத்தி, பெரிய வெறுமையாகக் கேட்டது.

பாட்டில் அந்த இடம் வந்தது. என் கை பழக்கத்தில் தூக்கிக்கொண்டு தாவப் பார்த்தது. பிடித்து இறக்கி, அமத்தினேன்.

சத்தம் வந்தது. மூச்சு இல்லை, சத்தம். கொஞ்சம் கரகரப்பான, பக்கத்துக் கட்டைகளைவிட ஒரு துளி இறங்கிய, ஒரு சாதாரணச் சத்தம். மற்றக் கட்டைகளைப் போல ஒரு கட்டை. அந்தச் சாதாரணத்தில்தான் நான் உடைந்துபோனேன். இனி அவர் அதற்குள் இல்லை. கட்டைகளெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன, ஒன்றும் தெரியவில்லை. விரல்கள் மட்டும் தங்கள் பாட்டுக்கு ஓடின. அவை மச்சாளின் விரல்கள். நான் தோளால் கற்றவை.

அப்போதுதான் கைக்குக் கீழே சத்தம் நடுங்கத் தொடங்கியது. முதலில் மெல்ல, பிறகு ஒவ்வொரு குரலும். நீளமாக நிற்கவேண்டிய இடங்களெல்லாம் அலை அலையாக ஏறி இறங்கின. ஓகனில் கோளாறோ என்று பயந்தேன். ஒரு நொடிதான். எனக்குக் காற்றைத் தெரியும். பின்னால் நின்றவர் பிடியை விடாமல், காற்றை நிறுத்தாமல், விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார். பலகைக்கு இந்தப் பக்கம் நானும், அந்தப் பக்கம் அவரும். மணிச்சத்தத்தில் எங்கள் இரண்டு பேரின் அழுகையும் ஒருவருக்கும் கேட்கவில்லை. கீழே சனம் கைகளை உயர்த்திக்கொண்டு நின்றது.

பூசை முடிந்ததும் சுவாமி படியேறி வந்தார், வயதையும் பாராமல், மூச்சு வாங்க. அவருடைய முகம் முழுக்கச் சந்தோஷம்.

"அந்த நடுக்கம், பிள்ளை! என்ன அழகு! எங்கள் ஊர்ப் பெரிய கோயில்களில் அதற்கென்றே தனியாக ஒரு சாமான் பூட்டியிருப்பார்கள். நீ எப்படி எடுத்தாய்? நாளைக்கும் அப்படியே வாசிக்க வேண்டும்."

 மச்சாள் பின்பலகையைச் சுற்றி முன்னால் வந்தார், சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"துருத்தி பழசு சுவாமி," என்றார். பிறகு அதே குரலில், "திருநாள் முடிய, தம்பிக்கு ஒரு பூசை சொல்லவேணும்," என்றார்.